புதன்கிழமைப் பூசணிக்காய்

போன சனிக்கிழமை மத்தியானம் மகளைக் கூட்டிக்கொண்டு உட்துறைமுக வீதியில் புதிதாகத் திறந்திருக்கிற சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குப் போனேன். மகள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். கொண்டாட வேண்டும் என்று தீர்மானித்ததும் அவள்தான். பெறுபேறு வந்த பிறகு கொண்டாட முடியாமல் போகலாம் என்பது அவளுடைய முன்யோசனை.

கதிரைகளில் அமர்ந்து நெடுநேரமாகியும் யாரும் எங்களிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. மேசையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம் ஒட்டியிருந்தது. அதைத் தொலைபேசிக்குக் காட்டினால் சாப்பாடுகள் படம் படமாக வருகின்றன. வேண்டியதை விரலால் தொட்டால் போதும். மகள் தன்னுடையதைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?"

நான் வழக்கம்போல முழித்தேன்.

"கெதியாச் சொல்லுங்கோ அம்மா."

"நீ எடுத்ததையே எனக்கும் போடு."

"எப்பவும் இதுதான். உங்களுக்கெண்டு ஒண்டும் இல்லையோ?"

இத்தனைக்கும் நான் பிழைப்பதே அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான். உப்புவெளிப் பக்கத்து விடுதி ஒன்றின் சாப்பாட்டுக் கூடம் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. "என்ன எடுக்கிறீங்கள்?" என்று மூன்று மொழிகளில், அந்தந்த மொழிக்குரிய சிரிப்போடு கேட்க எனக்குத் தெரியும். திருப்பி என்னிடம் கேட்டால்தான் பதில் வராது. இதற்கெல்லாம் காரணம் புதன்கிழமைப் பூசணிக்காய். சொல்கிறேன்.

நான் வளர்ந்தது நகரத்துக்குள், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்த ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில். அறுபது பேர் இருந்தோம். யார் என்ன காரணத்தால் அங்கே வந்தார்கள் என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. யாரும் சொல்லித்தராமலே நாங்கள் கடைப்பிடித்த மரியாதை அது. என்னைக் கொண்டுவந்து விட்டவர்களுக்கு என் பிறந்த திகதி தெரிந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட எங்களில் சிலருக்கு ஜனவரி முதலாம் திகதி என்று பதிந்துவிட்டார்கள். ஒரே நாளில் பிறந்த நாங்கள் ஒரே கேக்கை வெட்டுவோம். உலகம் முழுவதும் வெடி கொளுத்துவது எங்களுக்காகத்தான் என்று கொஞ்சக் காலம் நம்பியும் இருந்தேன்.

ஊரில் எந்தக் கட்டடம் எந்த ஆண்டில் எழும்பியது, எந்தப் படகுச் சேவை எப்போது நின்றது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் இப்போது என்னைத்தான் கேட்கிறார்கள். துறைமுகத்தைப் பற்றிக் கையில் அகப்பட்டதையெல்லாம் வாசிப்பவள் நான். ஆண்டு பிழையாக இருந்தால் எனக்கு நித்திரை வராது. தன் திகதி தெரியாதவள் ஊருக்கெல்லாம் திகதி பார்க்கிறாள் என்பது கணவரின் பகிடி. நான் அதை ஒப்புக்கொண்டதில்லை.

இல்லத்தில் நாட்களுக்கு எண் இருக்கவில்லை, கறி இருந்தது. திங்கள் பருப்பு, செவ்வாய் மீன், புதன் பூசணிக்காய், வியாழன் சோயாமீற், வெள்ளி கீரை, சனி ஞாயிறு கிடைத்தது. வருடம் முழுவதும் இதில் மாற்றம் இல்லை. என் ஞாபகங்களும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது ஒரு மீன் நாளில். பெரிய மழைக்கு வேலிச்சுவர் விழுந்தது சோயாமீற்றுக்கு அடுத்த நாள். குசினிக்குப் பின்னால் கொட்டும் தோல்களைத் தின்ன, ஊருக்குள் திரியும் மான்கள் வரும். பூசணித்தோல் அவற்றுக்கும் அலுத்துவிட்டதோ என்னவோ, புதன்கிழமைகளில் ஒன்றிரண்டுதான் எட்டிப்பார்க்கும்.

சோறு மட்டும் எல்லா நாளும் ஒன்றுதான். விறகடுப்பில், இரண்டு பேர் பிடித்துத் தூக்குகிற கிடாரத்தில் வேகும். வேப்பமரத்தில் கட்டியிருந்த தண்டவாளத் துண்டில் அடித்தால் எல்லோரும் தட்டோடு வரிசையில் நிற்போம். சாப்பிட்டு முடித்ததும் அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். என்னோடு ஒரே நாளில் 'பிறந்த' ரஜனிதான் பெரும்பாலும் கிடாரம் சுரண்டுவாள். அவளுக்குக் கை பலம் அதிகம். அடிப்பிடித்த சோற்றை அகப்பைக் காம்பால் பெயர்த்து, உப்பும் தேங்காய்ப்பூவும் தூவி, என் தட்டில் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அதை நான் கேட்டதும் இல்லை. அவள் அதைப் பற்றிக் கதைத்ததும் இல்லை.

பதினெட்டு வயதானால் இல்லத்தை விட்டுப் போகவேண்டும். எங்களுக்கு முந்திய அக்காமாருக்கு அதற்கு ஆயத்தம் என்றால் தையல் வகுப்புத்தான். எனக்குத் தையல் வராது. நான் தைத்த தலையணை உறைக்குள் தலையணை போகவில்லை. நல்லவேளையாக, கிண்ணியாவில் ஆட்களை ஏற்றி இறக்கிய பாதைப் படகு நின்று பாலம் வந்ததற்கு அடுத்த ஆண்டு, உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் முளைக்கத் தொடங்கின. எங்கள் விடயங்களைக் கவனிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் ஒரு பருப்பு நாளில் வந்து, விடுதியொன்றில் மூன்று மாதப் பயிற்சி இருக்கிறது, தேறினால் வேலையும் அங்கேயே தங்க ஒரு கட்டிலும் கிடைக்கும் என்றார். ரஜனியும் நானும் கை உயர்த்தினோம்.

அதே மாதத்தில்தான் வெருகலிலிருந்து எனக்கொரு சித்தி வந்து சேர்ந்தார். தூரத்து உறவு. அதுவரை நான் அவரைக் கண்டதில்லை. கூடாத மனுசி என்று சொல்லமாட்டேன். வரும்போது தயிர்ச்சட்டி கொண்டுவந்தார், என் தலையைத் தடவினார். இல்லத்தைப் பார்த்துக்கொண்ட மேட்ரனிடம் கதைக்கும்போது மட்டும், "வயலும் பிள்ளையளுமா ஒரே கரைச்சல். வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். அந்த 'ஆள்' நான்தான் என்று விளங்கியபோது கையிலிருந்த தயிர் புளித்தது. மேட்ரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேலை கிடைச்சா அங்க போ. கிடைக்காட்டி சித்தியோட போறதுதான் வழி. உன்னை றோட்டில விடேலாது" என்றார். அதில் பிழை சொல்லவும் இடமில்லை.

பயிற்சியில் ரஜனியைக் குசினிக்கும், என்னை முதல் மாதம் தட்டுக் கழுவவும் பிறகு பரிமாறவும் போட்டார்கள். ரஜனி முதல் நாள் நான்கு பேருக்குப் பருப்பு வைக்கச் சொன்னதற்கு ஒரு வாளி நிறைய வைத்துவிட்டாள். தலைமைச் சமையற்காரர் ஹனீபா நானா மூதூர்க்காரர். வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ள, ஊருக்கே கந்தூரியா?" என்று கேட்டார். ஆனால் வாயில் வைத்துப் பார்த்தவர் இன்னொரு கரண்டி அள்ளிக்கொண்டார். அன்றைக்கே ரஜனி தேறிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

தடுமாற்றம் என்னுடையதுதான். பரிமாறப் பழக்கிய சுபைதா மிஸ், எங்களில் ஒருவரை விருந்தாளியாக இருத்தி மற்றவரைக் கேட்கச் செய்வார். என்னை இருத்திய நாள் நல்ல ஞாபகம்.

"மெடம், என்ன எடுக்கிறீங்க?" என்று எதிரில் நின்ற பிள்ளை கேட்டாள்.

நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இண்டைக்குப் புதன்தானே? பூசணிக்காய்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சுபைதா மிஸ் சிரிக்கவில்லை. "கிழமையைக் கேக்கல்ல. உங்களுக்கு என்ன விருப்பமெண்டு கேக்கிறா."

"எல்லாம் விருப்பம் மிஸ்."

"எல்லாம் விருப்பமெண்டா ஒண்டும் விருப்பமில்ல எண்டுதான் அர்த்தம். உங்களுக்கு விருப்பம் தெரியாட்டி வாறவங்கட விருப்பம் எப்பிடித் தெரியும்?"

வெறுந்தட்டை வைத்து உண்பதுபோல் நடித்து முடிந்ததும், அது போதாதென்று, தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். "விருந்தாளி எங்க போறா? இருக்கச் சொல்லுங்க!" என்று மிஸ் கத்தியது முற்றம் வரை கேட்டது. ரஜனி குசினி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் அழுகிற நிலையில் இருந்தேன். "எனக்கு என்ன விருப்பமெண்டு எனக்கே தெரியேல்லையடி" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள் ரஜனி.

"என்ன? சொல்லன்."

"சொல்லமாட்டன். நான் சொன்னா அது என்ர பதில். நீயே கண்டுபிடி."

அந்த நேரம் அவளைப் பஸ்ஸிலிருந்து தள்ளிவிடலாம் போல் இருந்தது.

கடைசிச் சோதனை ஒரு கீரை நாளில் வந்தது. கொழும்பிலிருந்து முதலாளியின் அக்கா வந்திருந்தார். கண்ணாடி போட்ட, நிதானமாகக் கதைக்கிற பெண்மணி. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தரம் அவருக்குப் பரிமாற வேண்டும். முந்தின நாளே சித்தி தொலைபேசி எடுத்து, எந்த பஸ்ஸில் வரட்டும் என்று மேட்ரனைக் கேட்டிருந்தார். என் முறை வந்தபோது தண்ணீர்ப் போத்தலைச் சிந்தாமல் வைத்தேன். கேட்கவேண்டியதைப் பிழையில்லாமல் கேட்டேன். அந்த அம்மா சாப்பாட்டு அட்டையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க எண்டா எதை எடுப்பீங்க?"

கண்ணுக்கு முன்னால் வெருகல் பஸ் வந்து நின்றது. 'இன்றைக்கு வெள்ளி, கீரை' என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். வேறொன்றும் தெரியாததால் தெரிந்ததைச் சொன்னேன்.

"மெடம், நான் இதில ஒண்டும் சாப்பிட்டுப் பாக்கேல்லை. ஆனா முதல் மாதம் முழுக்க இஞ்ச தட்டுக் கழுவினனான். கணவாய்க் கறி போன தட்டு துடைச்ச மாதிரித் திரும்பி வரும். மீன் பிரட்டல் எண்டா பாதி மிச்சம் வரும்."

குசினி யன்னலுக்குப் பின்னால் கரண்டி ஒன்று விழுந்தது. மீன் பிரட்டல் ஹனீபா நானாவின் பெருமை. அட்டையில் அதற்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.

அந்த அம்மா சிரித்தார். "அப்ப எனக்கு மீன் பிரட்டல் கொண்டு வாங்க."

குசினிக்குள் போனேன். ரஜனி கண்ணாலேயே 'என்னடி செய்தாய்' என்றாள். ஹனீபா நானா தன் கையாலேயே தட்டை அலங்கரித்து, ஈச்சங்கன்று மாதிரிக் கறிவேப்பிலை குத்தி, என்னிடம் நீட்டினார். கொண்டுபோய் வைத்தேன். அந்த அம்மா சாப்பிட்டு முடிக்கும் வரை சுவரோரம் நின்றேன். திரும்பக் கொண்டுவந்தபோது பாதி மிச்சம் இருந்தது.

ஹனீபா நானா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுண்டுவிரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு தரம் வைத்தார்.

"புளி கூடிட்டு" என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

பின்னேரம் மனேஜர் எங்களைக் கூப்பிட்டார். ரஜனிக்கு வேலை. எனக்கும் வேலை. "ஆனா பிள்ளை, விருந்தாளிகளோட கதைக்கேக்க வாயைக் கொஞ்சம் குறைச்சுக்கொள்ளோணும்" என்று எனக்கு மட்டும் ஒரு நிபந்தனை. இன்றுவரை அதை முழுதாக நிறைவேற்ற என்னால் ஏலவில்லை. ஹனீபா நானா எனக்கு 'மிச்சம்' என்று பெயர் வைத்தார். நான் குசினிப் பக்கம் தலை காட்டினால், "டேய், மிச்சம் வருது, தட்டெல்லாத்தையும் ஒளிச்சு வைங்கடா!" என்பார். மீன் பிரட்டலில் புளி குறைந்தது. நட்சத்திரம் அப்படியே இருந்தது.

எங்களை விடுதியில் கொண்டுபோய் இறக்கியபோது மேட்ரன் ஆளுக்கொரு தலையணை தந்தார். என்னுடையதற்கு நான் தைத்த உறையையே எப்படியோ போட்டிருந்தார். சித்தி கோபிக்கவில்லை. தயிர்ச்சட்டி அதற்குப் பிறகும் சில வருடங்கள் வந்தது.

"அம்மா!" என்றாள் மகள். "என்ன போட?"

என்னவோ தெரியாது, அந்த நேரத்தில் சட்டென்று வந்தது. "அடிப்பிடிச்ச சோறு" என்றேன். "உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு."

மகள் தொலைபேசியில் கடைசிப் படம் வரை தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை, அதில் என்னைப் போல. "அது இதில இல்லை அம்மா."

"அப்ப கணவாய் போடு."

சாப்பிட்ட பிறகு கடற்கரைக்கு நடந்தோம். மகள் மான்களுக்குக் கடலை கொடுக்கப் போனாள். நான் ரஜனிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சொந்தமாகச் சோற்றுப்பார்சல் கடை வைத்திருக்கிறாள்.

"ரஜனி, எனக்கு என்ன விருப்பமெண்டு கண்டுபிடிச்சிட்டன்."

"என்ன, இப்பதானோ?" அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "பிள்ளையே பெரிசாகிட்டாள்."

"உன்ர கடையில சுரண்டித் தாறியோ?"

"எங்க சுரண்டுறது? இஞ்ச இப்ப நீராவி அடுப்பு. தட்டுத் தட்டா அவியுது. அதில எங்க அடிப்பிடிக்கிறது?"

இல்லம் இருந்த இடத்தில் இப்போது வாகன உதிரிப்பாகக் கடை. வேப்பமரத்தைத் தறித்தபோது தண்டவாளத் துண்டு எங்கே போனதென்று நான் விசாரித்துப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கிடாரத்தை யாரோ கோயிலுக்குக் கொடுத்ததாக ஒரு கதை, இரும்புக்குப் போட்டதாக இன்னொரு கதை. ஹனீபா நானா மூதூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். எங்கள் விடுதியிலும் வருகிற மாதம் மேசைகளில் அந்தச் சதுரத்தை ஒட்டப்போகிறார்களாம். நான் பயந்து பயந்து பழகிய கேள்வியை இனி யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை.

"ஞாயிறு கடை பூட்டு. வீட்ட வா" என்றாள் ரஜனி. "பின்வளவில கல்லு வைச்சு, விறகு மூட்டிப் பாப்பம்."

"எவ்வளவு அரிசி போடுவம்?"

அவள் யோசித்தாள். பின்னால் பஸ் ஒன்றின் ஹோர்ன் கேட்டது.

"எங்கட ரண்டு பேருக்கு வைச்சா அப்பிடி வராதடி" என்றாள். "அதுக்கு அறுபது பேர் வேணும்."