சுவரில் அடைத்த சாக்கு

ஆலையில் மின்சாரப் பெட்டிகள் நிற்கும் அறையைப் பெருக்குவது என் வேலை. அங்கே நெருப்புப் பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாதாம். அதற்காக வாயு உருளைகள் வைக்க ஒரு இன்ஜினியர் வந்தார். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "இறுக்கிப் புடிங்கம்மா" என்றார். நீளம், அகலம், உயரம் எல்லாம் நோட்டில் எழுதினார். பிறகு எலக்ட்ரீஷியனுக்கு விவரம் சொல்ல ஆரம்பித்தார். ஆம்பளைகள் பேசும் இடத்தில் நிற்க எனக்குக் கூச்சம். வாளியோடு வெளியே போய்விட்டேன்.

சுவரின் உச்சியில் ஒரு ஓட்டை விட்டு, ஆடும் தகடு ஒன்றை மாட்டினார்கள். கரும்பு வெட்டு முடிந்ததும் வயல் எலிகள் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தன.

"இன்னா பெருக்கிக்கினு கீற நீ? எலி ஒயரைக் கடிச்சா வூட்டுக்குப் போயிடுவ," என்றார் சூப்பர்வைசர்.

"எலிக்கும் கேட்டுல பாஸ் கேளுங்க சார், வராது," என்றான் எலக்ட்ரீஷியன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பயம். மறுநாள் ஏணி போட்டு, ஓட்டையில் சாக்கைத் திணித்து இறுக்கினேன்.

மழைக்காலத்தில் ஒரு பெட்டி புகைந்தது. சங்கு ஊதியது. எலக்ட்ரீஷியன் வெளியே ஓடிவந்து கதவைச் சாத்தி, அதிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தான். உள்ளே வாயு சீறியது. லாரி டயர் வெடித்ததுபோல் சத்தம். கண்ணாடி அவன் முகத்தில் பாய்ந்தது.

நெருப்பு அணைந்திருந்தது. அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். என்னைக் கண்ணாடியைக் கூட்டச் சொன்னார்கள். சூப்பர்வைசர் இன்ஜினியரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார்: "வாயு வந்தா பழைய காத்து வெளிய போறதுக்குத்தானேங்க அந்த ஓட்டை வுட்டீங்க? ஏன் போவல?"

நிமிர்ந்து ஓட்டையைப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும் ஏணி போட்டுச் சாக்கை உருவி, குப்பை வாளியில் போட்டு மூடினேன்.

இன்ஜினியர் திரும்ப வந்தார். திரும்பவும் டேப்பின் முனையை என்னிடமே கொடுத்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு. தினம் வர்றது நீங்கதாம்மா. இந்த ஓட்டையை யாராவது அடைச்சிருந்தாங்களா?"

"தெரியாதுங்க."

தலையாட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து அளந்தார். ஓட்டையைச் சிறிதாக விட்டது அவர் தப்பு என்று எழுதினார்கள். அவர் வேலை போனதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள்.

எலக்ட்ரீஷியனுக்கு வலது கண் போய்விட்டது. கேட்டில் பாஸ் எழுத உட்கார வைத்தார்கள். காலையில் நான் நுழையும்போதெல்லாம் தலையைத் திருப்பி, மிச்சக் கண்ணால் பார்த்துச் சிரிப்பான்.

"இன்னாக்கா, எலி வருதா?"

"வரலப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன்.