கைமைக்குக்கு வாங்கிய ஆறு செல்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கு இரண்டு முறை மாணவிகளை ஏற்காட்டுக்கு அழைத்துப் போய், மாரமங்கலம் பக்கத்துச் சரிவுகளில் செடி சேகரிப்போம். இருபது பெண்களைக் கூப்பிட என் தொண்டை போதாது. அதற்காகத் துறையில் ஒரு கைமைக் இருந்தது. புனல் போல வாய் அகன்றது; ஆறு பெரிய செல் போட்டால் எதிர் மலை வரை கேட்கும்.

ஒரு பயணத்தில் தீர்ந்துபோன செல்களை யாரோ ஓடையோரம் வீசிவிட்டார்கள். அடுத்த முறை போனபோது அவை பொருமி வெடித்து, பெரணிகளுக்கு நடுவே வெள்ளையாகக் கசிந்துகொண்டிருந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. இனிமேல் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுகிற செல்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்தருகே ரேடியோவும் டார்ச்சும் விற்ற பாயிடம் கேட்டேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை மைக்கை எடுப்பேன் என்று விசாரித்தார். ஆண்டுக்கு இரண்டு முறை என்றதும் தயங்கினார்.

"தெனமும் ஓட்டற சாமானுக்கு இது நொம்ப நல்லதுங்க டீச்சர். பீரோவுல கெடக்கறதுக்குச் சாதா செல்லே போதுங்க. இது சும்மா கெடந்தாலே எறங்கிப் போயிரும். சாதா செல்லு சாகறதுக்கு முன்னால கொஞ்சங் கொஞ்சமா கம்மி ஆகிச் சொல்லும். இது சொல்லாதுங்க."

நான் ஓடைக்கரையைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் முழுசாக ஏற்றிவிடச் சொல்லி எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கார்த்திகை மாதப் பயணத்துக்கு முந்தின நாள் அதைத்தான் செய்தேன். ஆனால் சார்ஜரில் நான்கு செல்களுக்குத்தான் இடம். நான்கை ஏற்றி முடித்து, மீதி இரண்டை மாட்டிய சற்று நேரத்தில் கரண்ட் போய்விட்டது. காலை வரை வரவில்லை. ஆறையும் மைக்கில் போட்டு "ஹலோ" என்றேன். துறை அறையே அதிர்ந்தது. போதும் என்று நினைத்துவிட்டேன்.

மாரமங்கலத்துக்கு மேலே, முற்பகல் பதினோரு மணிக்குப் பனி இறங்கியது. பக்கத்தில் நிற்பவளின் முகம் கூடத் தெரியவில்லை. எல்லோரையும் கைகோத்து நிற்க வைத்து எண்ணினேன். பத்தொன்பது. காணாமல் போனவள் இரண்டாம் ஆண்டு மாணவி, யாரிடமும் அதிகம் பேசாதவள். கடைசியாக ஒரு பாறை இடுக்கில் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்றார்கள்.

மைக்கை எடுத்தேன். அவள் பெயரைச் சொன்னேன். குரல் வருகிற பக்கமாக நடந்து வா, நான் பேசிக்கொண்டே இருக்கிறேன் என்றேன். மறுபடி பெயரைச் சொன்னபோது பாதி எழுத்தில் மைக் நின்றது. கரகரப்பு கூட இல்லை. செல்களைக் கழற்றினேன், புடவையில் துடைத்தேன், இடம் மாற்றிப் போட்டேன். எந்த இரண்டு ஏறாதவை என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தாலும் என்ன செய்திருப்பேன்? மாற்றுச் செல் ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. பத்தொன்பது பெண்களும் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு நான் தேடிப் போகவும் முடியாது.

அருகே மிளகுக் கொடி பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சத்தம் கேட்டு வந்தார். நான் இன்னும் மைக்கைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, அத வெச்சுட்டுத் தொண்டையில கூப்புடுங்க. நிறுத்தாமக் கூப்புடுங்க," என்றார்.

கூப்பிட்டோம். எங்கள் குரலைப் பனி அப்படியே வாங்கிக்கொண்டது. அந்த அம்மா தன் வீட்டுக்காரரை அழைத்து வந்தார். அவர் குரங்கு விரட்டும் தகரத்தைத் தட்டிக்கொண்டே காப்பித் தோட்டத்துக்குள் இறங்கினார். தகரச் சத்தம் தூரப்போவதைக் கேட்டபடி நின்றதைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை. மணி ஒன்றரைக்குச் சத்தம் நின்றது. பிறகு அவர் குரல் மட்டும் வந்தது: கட்டில் கொண்டுவரச் சொன்னார்.

தோட்டத்துச் சரிவைத் தாங்கும் கல்கட்டு ஒன்றிலிருந்து ஓர் ஆள் உயரம் விழுந்திருந்தாள். இடது கணுக்கால் திரும்பிக் கிடந்தது. கட்டிலில் சுமந்து ரோட்டுக்கு ஏற்றி, ஓர் எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவள்தான் பேசினாள்.

"வழி தவறுனா நின்ன எடத்துலயே நிக்கணும்னு சொல்லியிருந்தீங்கல்லங்க மேடம், அப்படியேதான் நின்னேன். உங்க குரல் கேட்டதும்தான் நடந்தேன். பாதியில நின்னுபோச்சுங்க. எந்தப் பக்கம்னு தெரியல."

நான் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

மாலையில் அவள் அப்பா சேலத்திலிருந்து வந்தார். நெசவு வேலை செய்கிறவர். என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் செல்லைப் பற்றி, கரண்ட் போனதைப் பற்றி, ஓடைக்கரையைப் பற்றிக்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வெறும் சாக்காகக் கேட்டது. அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "காலு நடக்க வருமுங்களா?" என்று மட்டும் கேட்டார். டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

வந்தது, ஆனால் முழுசாக இல்லை. அடுத்த ஏப்ரலில் தேர்வு எழுத அவள் இடது காலை லேசாக இழுத்தபடி ஹாலுக்குள் வந்தாள். அன்றைக்கு அங்கே மேற்பார்வை எனக்கு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தேன்.