செல்வி அக்கா விரலும் ஒரு டச் ஸ்கிரீனும்

பன்னீர் திராட்சை வாசமும் ஈரமான அட்டைப்பெட்டி வாசமும் கலந்து அடிச்சா, எனக்கு இப்பவும் விரல் நுனி குறுகுறுங்கும்...

கம்பம் பக்கம் ஒரு திராட்சை பேக்கிங் ஷெட். நான் தேனியில ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில சேர்ந்த புதுசு. பட்டன் வச்ச பழைய எடை மெஷினை எடுத்துட்டு டச் ஸ்கிரீன் மெஷினை மாட்டணும். தனியாப் போன முதல் வேலை!

ஆன் பண்ணி மேல இடது மூலையைத் தொட்டேன். தொட்ட இடத்தைக் காட்டுற புள்ளி கீழ வலது மூலையில வந்து நின்னுச்சு. உள்ள வயர் எட்டலைன்னு கம்பெனியிலயே ஸ்கிரீனைத் தலைகீழா மாட்டியிருந்தாக. படத்தைத் திருப்பினவுக டச்சைத் திருப்பல. செட்டிங்ல அதையும் திருப்பினேன். தொட்ட இடத்துலயே புள்ளி!

"ஏய்ய்ய்"னு கத்திட்டேன்.

"என்ன பாப்பா, ஷாக் அடிச்சிருச்சா?"

செல்வி அக்கா. வருசக்கணக்கா அந்த எடை மெஷின்ல உக்கார்ந்தவுக. அதுக்கு முன்னாடி தோட்டத்துல திராட்சை வெட்டினவுக. முதுகு போனதால எடைக்கு வந்தாக.

அக்கா தொட்டாக. ஒண்ணும் வரல. சேலையில கையைத் துடைச்சுட்டுத் தொட்டாக. ஊஹூம். சூப்பர்வைசர் தொட்டாரு... உடனே வேலை செஞ்சுச்சு.

"இதுகளுக்கெல்லாம் டச் வராதும்மா. காலேஜ் முடிச்ச பையன் ஒருத்தனை உக்கார வச்சுக்கிறேன். செல்வி, நீ பழையபடி வெட்டப் போ."

"இந்த முதுகை வச்சுக்கிட்டா?"

அக்கா அவ்வளவுதான் கேட்டாக. எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. வேலை செய்யாதது மெஷின். திட்டு வாங்குறது கை. உழைக்கிற கைன்னா மட்டும்தான் இப்படி.

லேப்டாப்பை மாட்டி, "இன்னொரு தடவை தொடுங்கக்கா"ன்னேன். நம்பர் ஓடுச்சு...

அக்கா விரல் மெஷினுக்குத் தெரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு!

கத்திரி பிடிச்சுக் காய்ச்சுப்போன தோல். சிக்னல் கம்மியா வருது. இந்த அளவுக்குக் கீழ வந்தா அது விரலே இல்ல, வெறும் இரைச்சல், ஒதுக்கிருன்னு ஒரு செட்டிங். ஏசி ரூம்ல எவனோ தன் மெத்து விரலைத் தொட்டுப் பார்த்து முடிவு பண்ணது.

அளவைக் குறைச்சேன். அக்கா தொட்டாக. டிக்! பெட்டியில ஒட்டுற எடை ஸ்டிக்கர் வந்துச்சு. ஷெட்டே கை தட்டுச்சு.

அதுக்குள்ள மழை. தகரத்துல இருந்து ஒரு சொட்டு ஸ்கிரீன்ல விழுந்துச்சு. டிக்! இன்னொண்ணு. டிக்! பெட்டியே இல்லாம ஸ்டிக்கரா வருது.

"செல்வி, உன் வேலையை மழை பார்க்குது"ன்னு சூப்பர்வைசர் சிரிச்சாரு.

"அது சம்பளம் கேக்காதுல்ல, நீங்க வச்சுக்கிருவீக!"

அக்கா சொன்னதும் பொம்பளைங்க எல்லாம் சிரிச்சிட்டாக. நான் ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருந்தேன். சொட்டு தெறிச்சு ஓடிருது... விரல் நிக்குது! ஒரே இடத்துல கொஞ்சம் நின்னாத்தான் கணக்குன்னு மாத்தினேன். ஸ்கிரீன்ல தெரியிற பட்டனையும் பெருசாக்கினேன். மழை தட்டிக்கிட்டே இருந்துச்சு, மெஷின் அசையல.

லாரி வந்துச்சு. அக்கா சேரை இழுத்துப் போட்டு உக்கார்ந்தாக. டிக், டிக், டிக்... லாரி நிறையிற வரைக்கும் ஒண்ணுகூடத் தப்பல. அந்தக் காலேஜ் பையன் வரவே இல்ல.

இப்ப கோயமுத்தூர்ல பெரிய கம்பெனி. ஏசி லேப். ரோபோ ஒண்ணு ரப்பர் விரலை வச்சு ஸ்கிரீனை அமுக்கிக்கிட்டே இருக்கும். தப்பே வராது. யாரும் கத்துறதுமில்ல, கை தட்டுறதுமில்ல...

போன வாரம் மீட்டிங்ல கேட்டேன், "இந்த ரப்பர் விரல் எந்தத் தோட்டத்துல வேலை பார்த்துச்சு?"

எல்லாரும் சிரிச்சாக.

நான் சிரிக்கல.