மேடையில் நான் மாற்றிச் சொன்னது

என் புத்தகம் நான் வீட்டை விட்டு வெளியேறும் காலையோடு முடிகிறது. பதினேழு வயது, கையில் ஒரு துணிப்பை, அதற்குள் மார்க் ஷீட். படித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் அழுததாகச் சொன்னார்கள். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் அந்தக் காலையில் வாசலில் நின்ற இன்னொருத்தியைப் பற்றி நான் எழுதவில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் மராத்தி பேசும் நகரத்தில், ஏரவாடாவில், ஒரே அறை கொண்ட வரிசை வீட்டில் இருந்தோம். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அப்பா போசரியில் லேத் பட்டறைக்குப் போனார். முதல் ஷிஃப்ட் முடிந்து நாலரைக்கு வீட்டுக்கு வருவார். அவர் குடிக்க மாட்டார். இதைக் கேட்டு ஆச்சரியப்படாதவர்கள் குறைவு. குளித்து, திருநீறு பூசி, டீ குடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார். நோட்டில் ஒரு கணக்குத் தப்பாக இருக்கும். பக்கத்து வீட்டில் நான் சிரித்தது தெருமுனை வரை கேட்டிருக்கும். காரணம் எதுவாகவும் இருக்கலாம். பட்டறையிலிருந்து கொண்டு வந்த மெஷின் பெல்ட் துண்டு ஒன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவர் அதை எடுத்ததும் அம்மா பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து வேகமாகக் காற்றடிப்பாள். அந்த இரைச்சலில் என் சத்தம் வெளியே போகாது. அடுப்பின் மேல் பாத்திரம்கூட இருக்காது.

பள்ளியில் டீச்சர் முழங்காலுக்குப் பின்னால் இருந்த தடிப்பைப் பார்த்து என்ன என்று கேட்டார். விழுந்துவிட்டேன் என்று மராத்தியில் சொன்னேன். நான் முதன்முதலில் தடுமாறாமல் பேசிய மராத்தி வாக்கியம் அதுதான்.

பன்னிரண்டாவது முடிந்ததும் நர்ஸிங் படிப்புக்கு இடம் கிடைத்தது. விடுதியும் சாப்பாடும் அவர்களே தந்தார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் கிளம்பினேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். தங்கை மட்டும் இருந்தாள், ஒன்பது வயது. அவளை அதுவரை அப்பா தொட்டதில்லை. "எப்பக்கா வருவ?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கெழம" என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. அப்பா இறந்ததற்கும் போகவில்லை.

புத்தகத்தை மராத்தியில் எழுதினேன். பள்ளியில் படித்த மொழி என்று பேட்டியில் சொன்னேன். அம்மாவுக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. அந்த நிம்மதியில்தான் எழுதினேன் என்பதை எங்கும் சொல்லவில்லை.

புத்தகத் திருவிழாவில் எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கல்லூரி மைதானத்தில் போட்ட பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே சுற்றும் பெரிய மின்விசிறிகள். நடத்துபவர் என்னை மீண்டு வந்தவர் என்று அறிமுகப்படுத்தினார். கடைசிப் பக்கங்களை வாசித்தேன். கைதட்டினார்கள். பாணேரிலிருந்து வந்த ஐ.டி. வேலைக்காரப் பெண் ஒருத்தி, அம்மாவை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டாள். அதற்கு என்னிடம் தயாரான பதில் இருந்தது, சொன்னேன்.

அடுத்து கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நீலச் சுடிதார், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை. முதலில் அடையாளம் தெரியவில்லை. அவள் தமிழில் பேசத் தொடங்கியதும் தங்கை என்று தெரிந்தது.

"நீ போன மறுநாள்லருந்து அந்த பெல்ட்டு யாரு மேல விழுந்துச்சுன்னு ஏங்க்கா எழுதல? மூணு தடவ ஹாஸ்டலுக்கு போன் பண்ணேன். டியூட்டில இருக்கன்னு சொல்லுங்கன்னு நீ சொன்னது எனக்கு போன்லயே கேட்டுச்சு. அத ஏன் எழுதல?"

பந்தலில் இருந்த யாருக்கும் தமிழ் தெரியவில்லை. எல்லோரும் புன்னகையோடு திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடத்துபவர் என்னிடம், "உங்கள் தாய்மொழியா? என்ன சொல்கிறார், எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றார்.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு மராத்தியில் சொன்னேன்: "என் தங்கை. என்னை நினைத்துப் பெருமைப்படுவதாகச் சொல்கிறாள்."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கையும் நான் படித்த அதே பள்ளியில் படித்தவள். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்தது. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள்.

கையெழுத்துக்கு நின்றவர்களைத் தாண்டி ஓடினேன். பந்தலுக்குப் பின்னால், தண்ணீர் லாரி பக்கத்தில் அவளைப் பிடித்தேன். வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். பயந்துவிட்டேன் என்றேன். போனில் உன் குரலைக் கேட்டால் திரும்பி வந்துவிடுவேனோ என்று பயம், பக்கத்தில் அப்பா நிற்பாரோ என்று பயம் என்றேன். அவள் தலையைச் சாய்த்து வலது காதை என் பக்கம் திருப்பினாள். நான் அவளுடைய இடது பக்கம் நகர்ந்ததும் மறுபடி திருப்பினாள். பத்து வருட நர்ஸ் நான். பேச்சை நிறுத்தினேன். அவளுடைய இடது காதுப் பக்கமாகப் போய், மெதுவாக அவளைக் கூப்பிட்டேன். அவள் அசையவில்லை.

"எப்பலருந்து?" என்றேன், முன்னால் வந்து.

"நீ போன ரெண்டாவது வருஷம். அறைஞ்சாரு. அப்பறம் சீழு வடிஞ்சிது. அம்மா எண்ண காய்ச்சி ஊத்துச்சு. அக்காதான நர்ஸுக்குப் படிக்குது, இன்னா மருந்துன்னு கேக்கலாம்னுதான் மூணாவது தடவ போன் பண்ணேன்."

அவள் அழவில்லை. நான் அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மூன்றாவது அழைப்பு வந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டிலில் படுத்து, காதைப் பற்றிய பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் இட்டுக்கட்டியதாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. நான் தோழிகளோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தேன். ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு அவளை வரவழைத்தேன். மூன்று தடவை கெஞ்சிய பிறகு வந்தாள். காது மருத்துவர் எனக்குப் பழக்கமானவர். பரிசோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சீழ் வந்தபோதே பார்த்திருந்தால் சாதாரண மருந்தே போதுமாக இருந்திருக்கும். வீட்டில் படித்தவர்கள் யாரும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

காதில் வைக்கும் கருவி வாங்கிக் கொடுத்தேன். நான்கு நாள் போட்டுக்கொண்டு, பெட்டியோடு திருப்பிக் கொண்டுவந்தாள்.

"இந்தப் பக்கம் சத்தமே இல்லாம பழகிட்டேன். இத வெச்சா பாத்திரம் வுழுந்தாக்கூட நெஞ்சு அடிச்சிக்குது. நீயே வெச்சிக்கோ."

பதிப்பகத்தார் இரண்டாம் பதிப்புக்குக் கேட்டார்கள். ஒரு அத்தியாயம் சேர்க்க வேண்டும் என்றேன். முடிவு இப்போதே நன்றாக இருக்கிறதே, எதற்காகக் கெடுக்க வேண்டும் என்றார்கள். அச்சடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதைத் தங்கையிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

"நிறுத்தி இன்னா ஆவப் போவுது?" என்றாள். "எழுதறதுன்னா தமிழ்ல எழுது. அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கும். அதுக்கும் தெரியட்டும், நமக்கு இன்னா பண்ணிச்சுன்னு."

நமக்கு என்று அவள் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு என் அழைப்பை அவள் எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. ஏன் எடுப்பதில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அவள் சொன்னபடி தமிழில்தான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை நிறைய வருகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கண் மங்குகிறது என்று கேள்விப்பட்டேன். வேகமாக எழுத முயல்கிறேன், முடியவில்லை.