ஆரத்திச் சிவப்பு

என் தங்கை சுகிர்தா ஜெயித்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டிப் பள்ளியில் வேதியியலில் முதல் மதிப்பெண். அந்தத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் அப்பா பென்னிக்கு இரும்பு ஆலையில் இரண்டு விரல்கள் போயின. சென்னையில் கல்லூரி, பாதி நாள் மின்சார ரயிலில் நின்றபடியே போய் வந்தாள். தடய அறிவியலில் மேற்படிப்பு. அவள் சேர்ந்தபோது அப்படி ஒரு படிப்பு இருப்பதே எங்கள் தெருவுக்குத் தெரியாது. அரசுத் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை வெற்றி. எல்லாவற்றையும்விடக் கடினமானது ஏஞ்சலின் அத்தையின் வாய். "பொணத்தத் தொடற வேலைக்குப் போறவள எவன்டி கட்டுவான்?" என்று அத்தை கேட்டதற்கு, "அவனும் அதே வேலைக்காரனா பாத்துக்கறேன் அத்தே" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.

வேலையில் பார்த்ததை அவள் வீட்டில் பேசமாட்டாள். பத்தாவதோடு நின்றவள் நான். இங்கே எழுதுவது எல்லாம் திருவள்ளூர் நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் கேட்டதும், சம்பந்தப்பட்டவர்கள் பிறகு சொன்னதும்தான்.

எளாவூர் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு காலையில் அருணாச்சலம் என்பவர் குப்புற இறந்து கிடந்தார். தலையின் பின்பக்கம் பெரிய காயம். முதலில் பார்த்து லாரியை நிறுத்திப் போலீசுக்குப் போன் செய்தவர் பழவேற்காட்டு ஓட்டுநர் ரஃபி. அவரையே பிடித்து உட்கார வைத்தார்கள். காரணம், ரஃபி ஒரு காலத்தில் அருணாச்சலத்தின் வீட்டில் வாடகைக்கு இருந்து, சண்டை போட்டு வெளியேறியவர். பழைய கோபத்தில் வேண்டுமென்றே லாரியை ஏற்றிவிட்டார் என்று கொலை வழக்குப் போட்டார்கள்.

சுகிர்தா வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதுவரை மேலதிகாரியோடு போவாள், அறிக்கையில் அவர் கையெழுத்திடுவார். அன்று அவர் வேறொரு வழக்குக்காகப் பள்ளிப்பட்டில் இருந்தார். இவள் தனியாகப் போனாள்.

அங்கே ரஃபியின் மனைவி ஜபீன் நின்றிருந்தார். அழவில்லை. இவளிடம் வந்து கேட்டார்: "மேடம், கண்டும் காணாம போயிருந்தா இந்நேரம் அவரு ஊட்ல நாஷ்டா துன்னுக்கினு இருப்பாரு. வண்டிய நிறுத்துனதுதான் தப்பா?"

சுகிர்தா கையுறையை மாட்டிக்கொண்டு உடலருகே குனிந்தாள்.

அவ்வளவு பெரிய காயத்துக்குத் தரையில் இரத்தம் மிகக் குறைவு என்பதை முதலில் குறித்தாள். அடுத்தது உடம்பு. உயிர் போனபின் இரத்தம் உடம்பின் அடிப்பக்கமாக இறங்கித் தங்கி, அங்கே தோலைக் கருஞ்சிவப்பாக்கும். குப்புறக் கிடந்தவருக்கு அந்த நிறம் முதுகில் இருந்தது. ஆக, எங்கோ இறந்து, பல மணி நேரம் மல்லாந்து கிடந்து, பிறகுதான் சாலைக்கு வந்திருக்கிறார். இதைக் காவல் ஆய்வாளரிடம் சொன்னபோது, அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் அருணாச்சலத்தின் வீட்டைப் பார்த்துவிடலாம் என்றார்.

வீடு சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. மனைவி இறந்தபின் அருணாச்சலமும், மினி வேன் ஓட்டும் அவருடைய அக்கா மகன் சரவணனும் மட்டும் இருந்த வீடு. தரை கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. நிலைவாசலின் மரக் கீழ்ப்படியில் பளிச்சென்று புது மஞ்சள். சரவணன், மாமாவின் நலத்துக்காகப் பூசியது என்றான்.

எதிர்வீட்டு கங்கம்மா போலீசிடம் சொன்னது வேறு. "பொம்பள இல்லாத ஊட்டுக்கு மஞ்சாவாம் சார். அதுவும் வெள்ளிக்கெழமகூட இல்ல. பையனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்காங்க போலன்னு தெருவே சிரிச்சிது."

சுகிர்தா அந்தப் படியைப் பஞ்சில் துடைத்துச் சோதித்தாள். இரத்தமா என்று பார்க்கும் முதல் சோதனையில் மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொட்டு விடுவார்கள்; கடைசிச் சொட்டுக்குப் பிறகு பஞ்சு சிவந்தால் இரத்தமாக இருக்கலாம். பஞ்சு சிவந்தது.

"செவந்துடுச்சி இல்ல மேடம், எழுதிடலாம்" என்றார் ஆய்வாளர்.

"இல்ல சார். கடைசி சொட்டு நான் இன்னும் விடவே இல்ல. இது ஆரத்தி."

கல்யாண வீட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்குமே, அதுதான். அந்த மருந்திலும் சுண்ணாம்பைப் போலவே காரம் இருக்கிறதாம். எல்லோருக்கும் வேண்டிய சிவப்பு கையிலேயே இருந்தது. அதை அவள் தள்ளி வைத்தாள். தள்ளிவைத்தால் வேறு சான்று கிடைக்கும் என்ற உறுதி அப்போது இல்லை. கிடைக்காவிட்டால் ரஃபி உள்ளேதான்.

ஒரு தச்சரை வரவழைத்து அந்தக் கீழ்ப்படியைப் பெயர்க்கச் சொன்னாள். மரத்தின் அடியில், சிமெண்டோடு ஒட்டிய சந்தில், கருப்பாகக் காய்ந்த ஒரு கோடு இருந்தது. மேலே ஊற்றிய தண்ணீரும் பூசிய மஞ்சளும் அங்கே எட்டவில்லை. அவற்றுக்கு முன்பே இரத்தம் இறங்கிவிட்டது. புதுப் பஞ்சு. முதல் மருந்துகளுக்கு அது வெள்ளையாகவே இருந்தது. கடைசிச் சொட்டுக்கு ரோஜா நிறமானது.

சரவணன் அது கோழி அறுத்த இரத்தம் என்றான். சென்னை ஆய்வகம் அது மனித இரத்தம், அருணாச்சலத்தின் இரத்தம் என்றது. வேனின் பலகை இடுக்கிலும் அதே இரத்தம். வீட்டை விற்பதில் வந்த தகராறில் அடித்துக் கொன்றதை அவன் பிறகு ஒப்புக்கொண்டு, நீதிமன்றத்தில் மறுத்தான்.

அவனுடைய வக்கீல் சுகிர்தாவிடம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்: உங்கள் மருந்துக்கு மஞ்சளும் சிவக்கும்தானே? நீதிமன்றமே அவளைப் பார்த்தது.

"சிவக்கும் ஐயா. சிவந்தது. அதனாலதான் அந்தச் சிவப்பை நான் கணக்குல எடுத்துக்கல. அதையும் அறிக்கையில எழுதியிருக்கேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தினம் ஆயிரம் தடவை தாண்டும் ஒரு மரப்படி, யார் கழுவினாலும் யார் பூசினாலும் தான் வாங்கியதைத் தன்னடியில் வைத்துக்கொண்டிருந்ததை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவள் நான் தலை பின்னிவிட்ட பெண்.

சரவணனுக்குத் தண்டனை கிடைத்தது. ரஃபி அதற்கு வெகு முன்பே, அந்த அறிக்கை போன சில நாட்களில் வெளியே வந்துவிட்டார். அவருடைய பெயரை வழக்கிலிருந்து நீக்கினார்கள். இப்போதும் எளாவூர் வழியாகத்தான் லாரி ஓட்டுகிறார். சாலையில் யாராவது விழுந்து கிடந்தால் இன்றும் நிறுத்துகிறாராம். ஜபீன் அலுத்துக்கொண்டு சொன்னார்.

அந்த அறிக்கையின் நகலை நீதிமன்றத்தில் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். மஞ்சள் சிவந்தது, படி பெயர்த்தது, சந்தில் இருந்த கோடு, எல்லாம் அதில் இருந்ததாம். மேலதிகாரி பள்ளிப்பட்டிலிருந்து திரும்பி வந்து படித்துப் பார்த்து, ஒரு எழுத்தையும் மாற்றாமல், பார்த்தவர்தான் போட வேண்டும் என்று பேனாவை அவளிடமே கொடுத்தாராம். என் தங்கை பெ. சுகிர்தா முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள் 23.06.2023.