மல்லாட்டைக் கொல்லைக் கம்பி

கவுதாரி பிடிக்கப் போகிறவனுக்கு இருக்கக் கூடாத குறைகள் எல்லாம் எனக்கு உண்டு. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் குந்தினால் கால் மரத்துப்போகும். விடியற்காலைப் பனி பட்டால் தும்மல் வரும். பக்கத்தில் ஆள் இருந்தால் வாய் சும்மா இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலே பயம். பாம்பு என்றால் பயம், ஃபாரஸ்ட்காரர்கள் என்றால் அதைவிடப் பயம். கவுதாரி பிடிப்பது குற்றம் என்று எங்கள் பாலசமுத்திரத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் போவோம்.

என்னை அழைத்துப் போகிறவர் என் மனைவியின் அண்ணன். உட்கார்ந்தால் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். வீட்டில் ஒரு கவுதாரிச் சேவலைக் கூண்டில் வைத்துக் கறையான் போட்டு வளர்க்கிறார். பொழுது விடியும் முன் அந்தக் கூண்டை வரப்பில் வைத்து, சுற்றிலும் நைலான் கண்ணிகளை நட்டுவிடுவார். கூண்டுச் சேவல் கத்தும். என் இடத்தில் வந்து கத்துகிறவன் யார் என்று காட்டுச் சேவல் புதரிலிருந்து சண்டைக்கு ஓடிவந்து கண்ணியில் காலை விடும். அதுவரை ஒரு சத்தம் வரக் கூடாது. நான் தும்மித் தும்மியே பல கவுதாரிகளுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தவன் என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

குன்றை ஒட்டிய மல்லாட்டைக் கொல்லையில்தான் கவுதாரி அதிகம். காட்டுப்பன்றிகள் செடியைக் கிளறி நிலக்கடலையைத் தின்றுவிடுகின்றன என்று கொல்லைக்காரர் சுற்றிலும் முழங்கால் உயரத்தில் ஒன்றும் இடுப்பு உயரத்தில் ஒன்றுமாகக் கம்பி இழுத்து, வெளியே இருக்கும் மோட்டார் கொட்டகையிலிருந்து கொக்கி போட்டுக் கரண்டு கொடுத்திருந்தார். அதுவும் குற்றம்தான். மாட்டிய கொக்கியை அவர் கழற்றுவதே இல்லை. விவசாயத்துக்கு விடும் த்ரீ ஃபேஸ் கரண்டு வந்துவிட்டால் அந்தக் கம்பி ஆளையே கொல்லும். வராதபோது அதில் துணி காயப்போடலாம். கரண்டு வரும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். அந்தப் பக்கம் போகிறவர்கள் முந்தின நாளே லைன்மேனைக் கேட்டுக்கொள்வது வழக்கம்.

அந்தச் சனிக்கிழமை கேட்க வேண்டிய வேலை என்னுடையது. சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை முடித்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். லைன்மேனுக்கு ஒரு முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பப் போட வேண்டும் என்று நினைத்துத் தூங்கிப்போனேன். மச்சான் கூப்பிட்டு, லைன்மேனைக் கேட்டாயா என்றார். இந்த ஒரு வேலையும் செய்யவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“கேட்டுட்டேன் மச்சான். ஒம்போது மணிக்கு மேலதான் வருமாம்.”

போன வாரத்து நேரத்தைச் சொல்லிவிட்டேன். விடிந்தால் ஞாயிறு, வாரம் மாறுகிறது என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. காலையில் எழுந்ததும் லைன்மேனைக் கேட்டுக்கொள்ளலாம் என்று படுத்தவன், காலையில் மறந்தேன்.

மறுநாள் விடியலில் மச்சான் மேல் கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்தார். நான் இடையில் நுழைந்தேன். என் முதுகில் கம்பி உரசிய நொடியில்தான் நான் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அவர் அதற்குள் கூண்டை வைக்கப் போய்விட்டார்.

பிறகு வரப்பின் அடியில் பக்கத்துப் பக்கத்தில் குந்தியிருந்தோம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என் தொடையை அழுத்தி, “சும்மா குந்திகினு இரு” என்று காதோரம் சொன்னார். புதருக்குள் காட்டுச் சேவல் பதில் கொடுக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு அது காதில் ஏறவே இல்லை. நாலு பக்கமும் ஓடும் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் உள்ளே இருந்தோம். வெளியே போக வேண்டுமானால் அதைத் தாண்டியாக வேண்டும். அன்றைக்குக் கால் மரக்கவில்லை. தும்மல் வரவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக நான் ஒழுங்காக வேட்டைக்கு உட்கார்ந்தேன்.

கவுதாரி மாட்டியது. மச்சான் ஓடிப்போய் அதன் காலை விடுவித்துப் பையில் போட்டு, கூண்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படியே கம்பியை நோக்கி நடந்தார். குனிந்தார். எனக்குத் தூக்கிப் பிடிப்பதற்காகக் கையை நீட்டினார்.

கத்த வேண்டும். ஒரு வார்த்தை போதும். எதற்கும் மூடாத என் வாய் அப்போது திறக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் விரலுக்கும் கம்பிக்கும் ஒரு சாண்கூட இருக்காது.

கொட்டகையில் மோட்டார் உறுமியது. கரண்டு வந்ததும் தானாக ஓடட்டும் என்று கொல்லைக்காரர் அதற்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தார். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மச்சானின் கை அப்படியே நின்றது. மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டு, அப்படியே பின்னால் சாய்ந்து செடிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். மணி ஆறுகூட ஆகவில்லை.

கொல்லைக்காரர் வந்து கொக்கியைக் கழற்றும்வரை அங்கேயே கிடந்தோம். மச்சான் பையைத் திறந்து கவுதாரியை விட்டுவிட்டார். வண்டியில் திரும்பும் வழியில்தான் பேசினார்.

“லைன்மேன கேட்டன்னுதானே சொன்ன?”

“கேட்டேன் மச்சான்.”

அவருக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. இப்போதே போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன் என்று வண்டியைத் திருப்பினார். அதுவரை அவருக்காகப் பயந்த நான், அந்த இடத்திலிருந்து எனக்காகப் பயப்படத் தொடங்கினேன். லைன்மேன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“வுடு மச்சான். பாவம், புள்ளகுட்டிக்காரன்.”

வண்டியை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“உனக்கு நல்ல மனசு மாப்ள” என்றார்.

அதற்குப் பிறகு நான் கவுதாரிக்குப் போகவில்லை. பயந்தாங்கொள்ளி என்று இன்னும் சிரிக்கிறார், சிரிக்கட்டும். ஆனால் அந்த லைன்மேனோடு அவர் இன்றுவரை பேசுவதில்லை. கடைத்தெருவில் அவன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அவன் என்னைப் பார்க்கிறான். எனக்கு அன்றைக்குப் போலவே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.