ஒன்பது பேருக்கு ஒரு மாடு

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில் குழுக் கடன் வாங்கிய பெண்கள் நாங்கள் பத்துப் பேர். செவ்வாய்க்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்து, கடனைத் தொழிலுக்கு மட்டுமே செலவழிப்போம் என்று உறுதிமொழி சொல்வோம். எனக்கு மகளின் நர்சிங் காலேஜ் பணம், ஒருத்திக்குக் கூரைக்கு ஷீட்டு, இன்னொருத்திக்குப் புருஷனின் குடல் ஆபரேஷன். எல்லாம் தொழில்தான்.

கடன் பணத்தில் வாங்கிய பொருளோடு நிற்கிற போட்டோ கடன் கொடுத்த கம்பெனிக்கு வேண்டும். ஒன்பது பேர் கறவை மாடு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். தெருவில் மாடு வைத்திருந்தது நான் ஒருத்திதான். சாயங்காலத்துக்குள் போட்டோ போகாவிட்டால், வாராவாரம் தவணை வாங்க வரும் வசூல்காரரின் சம்பளத்தில் கை வைப்பார்களாம். பாவம், ஒவ்வொருத்தியாகப் பக்கத்தில் நிறுத்தி என் மாட்டையே ஒன்பது தரம் எடுத்தார். முன்னாலிருந்து, பக்கவாட்டில், ஒரு தடவை வெறும் வாலை. பத்தாவதும் மாடென்றால் மேலே சந்தேகம் வரும் என்று என்னை எதிர்வீட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்தார். எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. காகிதத்தில் மாடில்லாத ஒரே ஆள் நான்தான் என்று அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஏழெட்டு மாதத்தில், கூரை போட்டவள் குடும்பத்தோடு செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டாள். போனும் எடுக்கவில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதுவரை யாரும் வாசலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. இரண்டு வாரம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சமாளித்தோம். மூன்றாவது வாரம் மேலதிகாரியே வந்தார். செல்போனில் அவள் போட்டோவைப் பார்த்தார், என் கொட்டகையைப் பார்த்தார்.

"அந்தம்மா மாடு இங்கதான கீது. வித்து லோனை முடிச்சிடலாம்" என்றார்.

ஓடிப்போய் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "சார், இது எங்க வூட்லயே பொறந்த மாடு" என்றேன்.

அவர் என் போட்டோவை எடுத்துக் காட்டினார். "உங்களுது தையல் மெஷின்னு இல்ல போட்டுக்கீது?"

மற்ற எட்டுப் பேரையும் பார்த்தேன். மாடு என்னுடையது என்று யார் சொன்னாலும், அப்படியானால் சொன்னவளின் மாடு எங்கே என்று அடுத்த கேள்வி வரும். எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். வசூல்காரர் பைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் தரையைத்தான் பார்த்திருப்பேன். அதை நினைக்க இன்னும் எரிந்தது.

அவள் பாக்கியையும் நானே கட்டுகிறேன், மாட்டை மட்டும் அவிழ்க்காதீர்கள் என்று கெஞ்சினேன். அன்றிலிருந்து, என் வீட்டில் பிறந்த மாட்டுக்கு, அது கறந்த பாலை சொசைட்டியில் ஊற்றி வாராவாரம் தவணை கட்டினேன். தவிடு வாங்கக் காசில்லை. வெறும் வைக்கோலைத் தின்று பாலும் குறைந்தது.

கடைசித் தவணை கட்டிய அன்று மேலதிகாரி மறுபடி வந்தார். இரண்டு கடனையும் ஒரு வாரம்கூடத் தவறாமல் அடைத்திருக்கிறேன், அந்தளவுக்கு என் வருமானம் உயர்ந்துவிட்டது என்று எல்லார் முன்னாலும் கை தட்டினார். இனி எனக்குப் பெரிய தொகையே கிடைக்குமாம்.

"தையல் நல்லா போவுது போலக்கீதேம்மா. இப்ப இன்னாத்துக்கு வோணும்?" என்று கேட்டார்.

மகளுக்கு இரண்டாம் வருஷப் பணம் கட்டப் பத்து நாள்தான் இருந்தது.

"மாடு வாங்க சார்" என்றேன்.